மோவாய் விலகியிருந்தால் கோணல் எங்கே இருக்கிறது?

இடப்பக்கமும் வலப்பக்கமும் அச்சு மாறாமல் ஒத்திருக்கும் முகம் யாருக்கும் இல்லை. ஒரு புருவம் சற்று உயர்ந்திருப்பதையும் ஒரு கன்னம் சற்று மெலிந்திருப்பதையும் மருத்துவம் குறையாகக் கொள்வதில்லை. ஆனால் மோவாய் நடுக்கோட்டை விட்டு ஒருபக்கம் நகர்ந்து, மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் சரியாகப் பொருந்தாமல் போகும்போது, அது பல்சீரமைப்பு மருத்துவர் ஆராய வேண்டிய சமச்சீரின்மையாகிறது.

இவ்வகைக் கோணல் பெரும்பாலும் முகத்தின் கீழ்ப்பகுதியில்தான் தெரியும். பல், முக உருக்குறைபாடுகளுக்காக அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்கு வந்தவர்களைப் பற்றி 1997ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், 34 விழுக்காட்டினரிடம் பார்த்தவுடன் புலப்படும் சமச்சீரின்மை இருந்தது. அவ்வாறு இருந்தவர்களுள் 5 விழுக்காட்டினருக்கு மேல்முகமும், 36 விழுக்காட்டினருக்கு மூக்கை உள்ளிட்ட நடுமுகமும், 74 விழுக்காட்டினருக்கு மோவாயும் விலகியிருந்தன (ஒருவருக்கே ஒன்றுக்கு மேற்பட்ட பகுதி விலகியிருக்கலாம்). மேல்தாடை மண்டையோட்டுடன் இறுகப் பிணைந்திருக்கிறது. கீழ்த்தாடையோ காதுகளுக்கு முன்னுள்ள இரண்டு மூட்டுகளில் அசைவதோடு, மேல்தாடையைவிட அதிக காலம் வளரவும் செய்கிறது. ஆகவே ஒருபக்க மூட்டின் வளர்ச்சி கூடினாலோ குன்றினாலோ, சிறுவயதில் விழுந்து அந்த மூட்டில் அடிபட்டிருந்தாலோ, அதன் விளைவு மோவாயில்தான் வெளிப்படுகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். மோவாய் எத்தனை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்பதைவிட, அந்த விலகல் எங்கிருந்து வருகிறது என்பதே சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. பற்கள் மட்டும் ஒருபக்கமாக நகர்ந்திருக்கலாம். எலும்பு சீராக இருந்தும் கடிக்கும்போது தாடை வழுக்கிச் செல்லலாம். எலும்பே இரு பக்கமும் வெவ்வேறு அளவில் வளர்ந்திருக்கலாம். தசையோ கொழுப்போ ஒருபக்கம் மிகுந்திருக்கலாம். கண்ணாடியில் ஒன்றுபோல் தோன்றும் இரண்டு முகங்களில் ஒன்றுக்குச் சில மாதங்கள் அணியும் கருவி போதும். மற்றொன்றுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும்.

பரிசோதனை எளிய முறைகளில் தொடங்குகிறது. நோயாளி தலையைச் சாய்க்காமல் இயல்பாக நிமிர்ந்து நேரே பார்க்க வேண்டும். பலர் தங்கள் கோணலை மறைக்கத் தம்மையறியாமலே தலையைச் சாய்த்துப் பழகியிருப்பார்கள். மூக்கின் நுனியே விலகியிருக்கக்கூடும் என்பதால் அதை மட்டும் நம்பாமல், புருவங்களின் நடுவையும் மேலுதட்டின் நடுப்பள்ளத்தையும் சேர்த்து நடுக்கோடு கணிக்கப்படுகிறது. பின்னர் ஒரு மரக்குச்சியைக் குறுக்காக வைத்து, இருபக்கக் கடைவாய்ப் பற்களாலும் கடிக்கச் சொல்கிறார்கள். கண்மணிகளை இணைக்கும் கோட்டுக்கு இணையாகக் குச்சி நில்லாமல் ஒருபக்கம் தாழ்ந்தால், மேல்தாடையின் கடித்தளமும், அதாவது பற்கள் கடிக்கும் மட்டமும், சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

இவற்றுள் நான் மிக முக்கியமாகக் கருதுவது, வாயைத் திறந்து மெதுவாக மூடச் செய்து கவனிப்பது. திறந்த நிலையில் மேல், கீழ் முன்பற்களின் நடுக்கோடுகள் ஒன்றியிருந்து, பற்கள் முதன்முதலில் தொடும் கணம்வரை அப்படியே நின்று, முழுதாகக் கடிக்கும்போது மட்டும் கீழ்த்தாடை ஒருபக்கம் நழுவினால், அது செயல்பாட்டுக் கோணல். மூடியபோதும் திறந்தபோதும் விலகல் மாறாமல் இருந்தால் எலும்பையோ பற்களையோ சந்தேகிக்க வேண்டும். திறக்கத் திறக்க விலகல் கூடினால், மோவாய் எந்தப் பக்கம் இழுக்கப்படுகிறதோ அந்தப் பக்க மூட்டின் அசைவு தடைபட்டிருக்கலாம்.

குழந்தைகளிடம் இந்த நழுவல் அடிக்கடி காணப்படும். மேல்தாடை குறுகியிருப்பதால் இருபக்கக் கடைவாய்ப் பற்களும் முனையோடு முனை மோதுகின்றன. அப்படிக் கடிக்க இயலாமல் குழந்தை தாடையை ஒருபக்கம் தள்ளி வசதியான கடியைத் தேடிக்கொள்கிறது. பார்ப்பதற்கு ஒருபக்கம் மட்டும் மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உட்புறமாகக் கடிக்கும் குறுக்குக்கடிபோல் தோன்றினாலும் குறுகல் இருபக்கமும் இருக்கிறது. அண்ணத்தில் பொருத்தும் விரிவாக்கக் கருவியின் திருகைப் பெற்றோர் சாவியால் திருப்ப, ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஏறத்தாழ 0.25 மில்லிமீட்டர் வீதம் அண்ணத்தின் நடுவிலுள்ள எலும்பிணைப்பு விலகி, இடையில் புதிய எலும்பு உருவாகிறது. இக்காலத்தில் மேல் முன்பற்களிடையே திடீரென இடைவெளி தோன்றும். பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை, இணைப்பு திறந்ததற்கு அதுவே அடையாளம். கவனிக்காமல் விட்டால் தாடை ஆண்டுக்கணக்கில் கோணலான நிலையிலேயே இயங்கி, நழுவலாக இருந்தது எலும்பின் கோணலாகவே மாறக்கூடும். பதின்பருவத்தின் பிற்பகுதியில் அந்த இணைப்பு இறுகிவிடுவதால், அதன்பின் விரிவாக்கத்துக்குப் பெரும்பாலும் எலும்பில் பதிக்கும் சிறுதிருகுகளோ அறுவை சிகிச்சையோ துணை வேண்டும்.

எலும்பில்தான் கோணல் என்றால் முகத்தை நேராக நோக்கி எடுத்த எக்ஸ்ரேயோ, எலும்பை முப்பரிமாணத்தில் காட்டும் கூம்புக்கதிர் சிடி ஸ்கேனோ தேவைப்படும். தாடை முழுவதையும் காட்டும் வழக்கமான அகல எக்ஸ்ரே முதல் பார்வைக்கு உதவும். ஆனால் படம் எடுக்கையில் தலை சிறிது திரும்பினாலும் இருபக்க அளவுகளும் வேறுபட்டுத் தெரியும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவெடுக்கலாகாது.

அடுத்து அறிய வேண்டியது, கோணல் நின்றுவிட்டதா, இன்னும் வளர்கிறதா என்பது. தாடை மூட்டின் குமிழ்ப்பகுதி ஒருபக்கம் மட்டும் மிகையாக வளரும் நிலையை 1986இல் ஒப்வெகேசர், மாக்கெக் என்ற மருத்துவர்கள் வகைப்படுத்தினர். ஒருவகையில் தாடை நீண்டு மோவாய் மறுபக்கம் தள்ளப்படுகிறது. மற்றொன்றில் அந்தப் பக்கத் தாடை கீழ்நோக்கிப் பருத்துக் கடித்தளம் சாய்கிறது. டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் எலும்பு ஸ்கேனில் இருபக்க மூட்டுகளின் உறிஞ்சுதல் 55க்கு 45 என்ற அளவிலோ அதற்கு மேலோ வேறுபட்டால், வளர்ச்சி தொடர்வதாகச் சந்தேகிக்கிறார்கள். மூட்டழற்சியிலும் இந்த வேறுபாடு வரக்கூடும் என்பதால், பழைய புகைப்படங்களையும் சில மாத இடைவெளியில் எடுத்த பல் அச்சுகளையும் ஒப்பிட்டே உறுதி செய்ய வேண்டும். வளர்ச்சி தொடரும்போது தாடையை மட்டும் நேராக்கினால் கோணல் திரும்பி வரும். ஆகவே வளர்ச்சி நிற்கும்வரை காத்திருக்கிறார்கள், அல்லது குமிழின் மேற்பகுதியை முதலில் அகற்றுகிறார்கள்.

வளர்ச்சி முடிந்தவர்களுக்குச் சிறிய கோணலைப் பற்களை நகர்த்தியே ஈடுகட்டலாம். ஒருபக்கம் மட்டும் பல்லை எடுத்து நடுக்கோட்டைச் சரிசெய்வதும், சிறுதிருகுகளின் பிடிமானத்தில் ஒருபக்கப் பற்களை உள்ளழுத்திச் சாய்வைக் குறைப்பதும் அப்படிப்பட்டவை. இதனால் கடி சீராகும். மோவாய் இருந்த இடத்திலேயே இருக்கும். மோவாய் நகர வேண்டுமானால் எலும்பை நகர்த்த வேண்டும். கீழ்த்தாடையை இருபக்கமும் நெடுக்காகப் பிளந்து நகர்த்தும் முறையை அறுவை மருத்துவர்களான டிரவுனரும் ஒப்வெகேசரும் 1957இல் ஆங்கிலம் பேசும் மருத்துவ உலகுக்கு எடுத்துரைத்தனர். கடித்தளம் சாய்ந்திருந்தால் மேல்தாடையையும் வெட்டிச் சமன்படுத்துவார்கள்.

அறுவைக்கு முந்தைய கட்டத்தை நோயாளியிடம் தொடக்கத்திலேயே விளக்குவது மருத்துவரின் கடமை என்று நினைக்கிறேன். எலும்பு கோணலாக வளரும்போது, கடியைக் காப்பாற்றப் பற்கள் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து கொள்கின்றன. அந்தச் சாய்வை நிமிர்த்தாமல் எலும்பை முழு அளவுக்கு நகர்த்த இயலாது. கிளிப் போட்டு நிமிர்த்தும் மாதங்களில் கடி மோசமாகி, முகக்கோணலும் முன்பைவிடக் கூடியதாகத் தோன்றலாம். முன்கூட்டியே அறியாதவர் சிகிச்சை தவறிவிட்டதாக எண்ணிப் பாதியில் நிறுத்திவிடுகிறார். நிமிர்ந்த பற்களோடு நின்றுபோனவரின் கடி, தொடங்கிய நாளில் இருந்ததைவிடக் கெட்டிருக்கும்.

எலும்பு நடுவுக்கு வந்தபின்னும் தசையும் கொழுப்பும் அதே அளவுக்குப் பின்தொடர்வதில்லை. எஞ்சும் வேறுபாட்டுக்கு மோவாய் நுனியைச் செதுக்குவதா, மெலிந்த கன்னத்தில் கொழுப்பை நிரப்புவதா என்பதை, வீக்கம் முழுவதும் வடிந்த பிறகே முடிவு செய்கிறார்கள். அதற்குப் பல மாதங்கள் ஆகும்.