அக்கதீசியா: அமைதியின்மை அல்ல, இருப்புக்கொள்ளாமை

மனநல மருந்துகளைப் பற்றிய துண்டுப்பிரசுரம் ஒன்று போன கிழமை கைக்கு வந்தது. அதிலும், ஓரிடத்தில் இருக்கவிடாமல் உடம்பைப் படுத்தும் ‘அக்கதீசியா’ (akathisia) என்ற நிலைக்கு ‘அமைதியின்மை’ என்றே போட்டிருக்கிறார்கள். எத்தனை தரம்தான் இதைப் பார்ப்பது?

சொல் கிரேக்கம், ‘உட்கார முடியாமை’ என்பது நேர்ப்பொருள். 1901இல் செக் மருத்துவர் ஹாஷ்கோவெக் வைத்த பெயர். இன்று பெரும்பாலும் மனநோய்க்குக் கொடுக்கும் ஹலோபெரிடோல் போல, மூளையில் டோபமைன் என்ற இரசாயனத்தைத் தடுக்கும் மருந்துகளால் வருகிறது; வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைட்டாலும் வரலாம்.

‘அமைதியின்மை’ செய்தி வாசிப்பவரின் சொல். ஊரில் கல்லெறி நடந்தால் அது வரும். மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் எந்தத் தாயும் மகனுக்கு அமைதியின்மை என்று சொல்லி வைத்தியரிடம் வரமாட்டாள்.

அதைவிடக் கேடு, ‘பதகளிப்பு’ (anxiety) என்பது. கிளினிக் ஒன்றில் ஒரு தாய் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன்: “கதிரையில ஒரு நிமிசம் இருக்கிறான் இல்ல மனே. இருந்தா எழும்புறான், எழும்பினா நடக்கிறான். நிக்கச் சொன்னாலும் காலை மாத்தி மாத்தி வைக்கிறான்.” இவ்வளவும் மொழிபெயர்த்தவர் வழியாகச் சிங்களம் பேசும் மருத்துவருக்குப் ‘பதகளிப்பு’ என்ற ஒரே சொல்லாகப் போய்ச் சேர்ந்தது. பதகளிப்பு பயத்தோடு வருவது. இதுவோ உடம்பே உள்ளிருந்து பிடித்துத் தள்ளுவது. நடந்தால் சற்று ஆறும், இருந்தால் திரும்ப ஏறும். பதகளிப்பு என்று குறித்தால், நோய் முற்றிவிட்டதென்று அதே மருந்தைக் கூட்டிவிடும் ஆபத்து உண்டு. செய்யவேண்டியதோ அளவைக் குறைப்பது, மருந்தை மாற்றுவது, அல்லது புரொப்பிரனலோல் போல ஒன்றைச் சேர்ப்பது. இந்த அவதி தாங்காமல் மருந்தையே விடுபவர்களும், உயிரை விட நினைப்பவர்களும் இருக்கிறார்கள். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியை மூடிவைத்துவிட்டு அந்தத் தாயின் பேச்சைக் கேட்கவேண்டும்.

‘அமர்வின்மை’ என்றும் ஒரு யோசனை உண்டு. தூய தமிழ்தான், ஆனால் கூட்டம் நடக்கவில்லை என்பது போலப் படுகிறது.

நம்மிடம் ‘இருப்புக் கொள்ளுதில்ல’ இருக்கிறதே! மட்டக்களப்பில் ‘இருங்க’ என்றால் உட்காருங்கள் என்றுதான் பொருள். கிரேக்கம் சொன்னதும் அதையே. சரி, பிள்ளை வரப் பிந்தினாலும் இருப்புக் கொள்ளாதுதான். அதனால் கூடவே ஒன்று கேட்க வேண்டும்: “மனசு தவிக்குதா, இல்லாட்டி உடம்பு இருக்க விடுதில்லையா?” பெரும்பாலும் இரவில் படுத்த பிறகு கால் உளைந்து அசைக்கச் சொல்வது வேறு நோய்; அதற்கு இரும்புச்சத்துக் குறைவும் காரணமாகலாம்.

பிரசுரத்தில் ‘இருப்புக்கொள்ளாமை’ என்று பெரிதாகப் போடுங்கள். அதன் கீழே அந்தக் கேள்வியையும், மருந்தைத் தானாக நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் சொல்லவேண்டும் என்பதையும் அச்சிடுங்கள்.