பிராம் விலையில் குழந்தையின் பங்கு எவ்வளவு?

நான் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட். கழுத்தை ஒரே பக்கம் திருப்பும் குழந்தை, பின்மண்டை தட்டையாகிவிட்ட குழந்தை, உட்காரத் தாமதமாகும் குழந்தை என்று வருபவர்களிடம் தவறாமல் ஒன்று கேட்பேன்: "ஒரு நாளில் எவ்வளவு நேரம் பிராமில், அதாவது குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகும் வண்டியில், இருக்கிறது?" பதில் பெரும்பாலும் வண்டியைப் பற்றித்தான் வரும். எந்த நிறுவனம், எத்தனை விதமாக மாற்றலாம், சக்கரத்தில் சஸ்பென்ஷன் (குலுங்காமல் தாங்கும் அமைப்பு) உண்டா, ஒரே கையால் மடங்குமா, எல்லாம் விவரமாகச் சொல்வார்கள். நேரத்தைக் கேட்டால் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

இன்னொரு வகைப் பெற்றோரும் வருகிறார்கள். நான் வாயைத் திறக்கும் முன்பே, "சாதாரண வண்டிதான் மேடம், நல்லதா ஒண்ணு அப்புறம் வாங்கலாம்னு..." என்று இழுப்பார்கள். குழந்தை நன்றாக இருக்கும். வண்டியிலும் ஒரு குறையும் இருக்காது. முக்கியமாக இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விலையுயர்ந்த பிராம் வாங்குபவர்களை எல்லாம் பகட்டுக்காரர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். நான் பார்த்தவரை அதில் பாதிக்கு மேல் பயம். வண்டியைப் பெரும்பாலும் குழந்தை பிறக்கும் முன்பே வாங்கிவிடுகிறோம். எப்படித் தூங்கும், தூக்கி வைத்தால்தான் அடங்குமா, நமக்கு இதெல்லாம் வருமா, எதுவும் தெரியாத நேரம் அது. செய்யக்கூடியதென்று கையில் இருப்பது செலவு ஒன்றுதான். கடையில், "குழந்தை விஷயத்தில் போய் விலை பார்ப்பீர்களா?" என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் போதும். அதற்குமேல் விலை கேட்பதே குழந்தையின் மேல் பாசம் குறைவு என்பதுபோல் ஆகிவிடுகிறது.

சரி, பயம்தான் காரணமென்றால் அந்தப் பணம் ஏன் மெத்தைக்கோ தெர்மாமீட்டருக்கோ போவதில்லை? அவை வீட்டுக்குள் இருப்பவை. குழந்தைக்காக வாங்கும் பெரிய பொருள்களில் ஊரார் கண்ணில் தினமும் படுவது பிராம்தான். பிறர் பார்ப்பதற்காகவே செய்யும் செலவைப் பற்றி அமெரிக்கப் பொருளியலாளர் தோர்ஸ்டைன் வெப்லன் 1899-லேயே விரிவாக எழுதிவிட்டார். பூங்காவில் இரண்டு பிராம்கள் எதிரெதிரே வரும்போது இரண்டு தாய்மாரின் கண்களும் முதலில் எங்கே போகின்றன என்று கவனித்தால் அவர் சொன்னது விளங்கும்.

பிராம் பிறந்ததே அந்தஸ்தில்தான். இங்கிலாந்தில் 1733 வாக்கில் டெவன்ஷர் பிரபுவின் பிள்ளைகளுக்காக வில்லியம் கென்ட் என்ற கட்டிடக்கலைஞர் செய்த சிப்பி வடிவ வண்டியைத்தான் இதன் முன்னோடி என்பார்கள். ஆட்டையோ சிறு குதிரையையோ பூட்டி இழுக்க வைக்கலாம். அதன் நேர் எதிர்த்துருவம் 1965-ல் வந்தது. இரண்டாம் உலகப்போரின் ஸ்பிட்ஃபயர் விமானத்துக்குச் சக்கரப் பகுதியை வடிவமைத்த ஓவன் மெக்லாரன், அலுமினியச் சட்டத்தில் குடை மாதிரி மடங்கும் வண்டியை உருவாக்கினார். எடை மூன்று கிலோவுக்கும் கீழே. பேருந்தில் ஏறவேண்டிய, மாடிப்படி ஏறவேண்டிய தாய்க்கு அதுதான் பெரிய விடுதலை. இன்றும் பலரின் முதுகுவலிக்கு நான் சொல்லும் முதல் யோசனை, எடை குறைந்த வண்டிக்கு மாறுங்கள் என்பதே. பெரிய வண்டியை காரில் தூக்கி வைத்துத் தூக்கி வைத்தே இடுப்பைக் கெடுத்துக்கொண்ட அப்பாக்கள் நிறையப் பேர்.

பெயர்பெற்ற நிறுவனம் என்பதே பாதுகாப்பு ஆகிவிடாது என்பதற்கும் அவர் பெயரில் வளர்ந்த மெக்லாரன் நிறுவனம்தான் சாட்சி. மடக்கும் கீலில் விரல் சிக்கி 12 குழந்தைகளின் விரல்நுனி துண்டானதாகப் புகார்கள் வந்ததால், 2009 நவம்பரில் அமெரிக்காவில் விற்ற சுமார் 10 லட்சம் வண்டிகளுக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பு வந்தது. கீலை மூட உறை கொடுத்தார்கள். ஐரோப்பாவில் இ.என். 1888 என்ற தரநிலை இருக்கிறது. நிறுத்தும்போது பிரேக் பிடிக்கிறதா, சரிவில் கவிழ்கிறதா, விரல் மாட்டும் இடைவெளி உண்டா, மடக்குப் பூட்டு தானாகத் திறந்துகொள்ளுமா என்றெல்லாம் பார்க்கும் சோதனைகள் அதில் உண்டு. அதில் தேறினால் தேறியதுதான். விலை அதிகமென்று கூடுதல் மதிப்பெண் கிடையாது.

என் வேலையில் அடிக்கடி கண்ணில் படும் பிரச்சினை வேறு. விலை அதிகமான வண்டி என்றால் குழந்தை அதில் கூடுதல் நேரம் கிடக்கிறது. "இவ்வளவு கொடுத்து வாங்கிவிட்டுச் சும்மா நிறுத்தி வைப்பதா?" என்ற எண்ணம் உள்ளே ஓடும். வெளியே போக வாங்கிய வண்டி மெதுவாகக் கூடத்துக்கு வந்துவிடும். பால் கொடுப்பது அதில், தூங்க வைப்பது அதில், சமைக்கும்போது பக்கத்தில் வைத்துக்கொள்வது அதில். மெத்தென்று இருக்கிறது, குழந்தையும் அழுவதில்லை. ஆனால் கழுத்துக்கும் முதுகுக்கும் அங்கே வேலையே இல்லை. பின்மண்டை ஒரே இடத்தில் அழுந்திக்கொண்டிருக்கும். விழித்திருக்கும்போது தரையில் விரிப்பில், நாம் பக்கத்தில் இருந்து பார்க்க, குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கப் பாடுபடும் சில நிமிடங்கள் செய்வதை எந்தச் சஸ்பென்ஷனும் செய்யாது.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில், பிராம், உயர்நாற்காலி எதிலும் குழந்தையைத் தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்கக் கூடாது என்கிறது. முதுகில் கட்டிச் சுமப்பதையும் அதே பட்டியலில் சேர்த்திருக்கிறது. இதை இன்னொரு கூட்டத்துக்காகவும் சொல்கிறேன். "நாங்கள் வண்டியே வாங்கவில்லை, துணியில் கட்டித் தூக்கிக்கொள்கிறோம்" என்று தலையை நிமிர்த்திச் சொல்பவர்கள். தூக்கி வைப்பது நல்லதுதான், நானே பரிந்துரைக்கிறேன். ஆனால் பிராம் தள்ளுபவரை ஏளனமாகப் பார்ப்பதும் அந்தஸ்துதான், செலவு மட்டும்தான் குறைவு.

தூக்கத்துக்கு வருகிறேன். காரிலிருந்து குழந்தை இருக்கையை அப்படியே எடுத்துச் சக்கரச் சட்டத்தில் மாட்டும் வசதியை டிராவல் சிஸ்டம் என்று விற்கிறார்கள். தூங்கும் குழந்தையை எழுப்ப வேண்டாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. காரில் அந்த இருக்கை உயிர் காக்கும். ஆனால் காரிலிருந்து கடை, கடையிலிருந்து வீடு என்று மணிக்கணக்கில் அதிலேயே தூங்கவிட்டால் தலை முன்னால் சரிந்து மூச்சுப்பாதை மடங்கக்கூடும். கார் இருக்கை, ஸ்ட்ரோலர் (உட்கார வைத்துத் தள்ளும் வண்டி) போன்ற சாய்வான சாதனங்களை வழக்கமான தூக்கத்துக்குப் பயன்படுத்த வேண்டாம், அதிலும் நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளிடம் கூடுதல் கவனம் வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் சொல்கிறது. தூங்கிவிட்டால், முடிந்த உடனே சமமான, கெட்டியான படுக்கைக்கு மாற்றி மல்லாக்கப் படுக்க வையுங்கள். கழுத்து நிற்காத குழந்தைக்கு வண்டி வாங்கினால் முழுவதும் சமமாகப் படுக்க வைக்கக்கூடியதாகப் பாருங்கள். வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

கூடுதல் பணத்துக்கு உண்மையிலேயே ஏதாவது கிடைக்கிறதா என்றால், சில இடங்களில் கிடைக்கிறது. குழந்தை நம்மைப் பார்த்தபடி உட்காரும் வசதி அதில் ஒன்று. பிரிட்டனில் டண்டீ பல்கலைக்கழகத்தின் சுசான் ஸீடிக் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், தெருக்களில் பெற்றோர்-குழந்தை ஜோடிகள் 2,700-க்கும் மேற்பட்டவர்களைக் கவனித்தார்கள். முகம் பார்த்து உட்கார்ந்த குழந்தைகளிடம் பெற்றோர் பேசியது, வெளியே பார்த்து உட்கார்ந்தவர்களிடம் பேசியதைப்போல் சுமார் இரண்டு மடங்கு. இன்னொன்று உயரம். வாகனங்களின் புகைக்குழாய்கள் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள்தான் இருக்கின்றன. பிராமில் உட்காரும் குழந்தையின் மூக்கும் ஏறக்குறைய அதே மட்டம். சர்ரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் சொன்ன கணக்குப்படி, வண்டியில் போகும் குழந்தை பெற்றோரைவிட 60 சதவீதம் வரை அதிக மாசைச் சுவாசிக்க நேரலாம். இருக்கை உயரமாக இருந்தால் நல்லதே. ஆனால் நெரிசலான சாலையை விட்டுப் பக்கத்துச் சந்து வழியாகப் போவதற்குக் காசு வேண்டாம். திரும்பாத இருக்கை உள்ள வண்டி என்றால், அவ்வப்போது நிறுத்தி முன்னால் போய்க் குனிந்து நாலு வார்த்தை பேசுங்கள்.

மீதி உதிரிகள் எல்லாம் அலங்காரம். கோப்பை தாங்கி, பொருத்தமான நிறத்தில் பை, குழந்தையின் காலை மூடும் உறை. வெயிலுக்குப் போர்த்தும் மெல்லிய துணியைப் பற்றி மட்டும் எச்சரிக்கை: வண்டியை மூடினாற்போல் உலர்ந்த துணியைப் போட்டால் காற்றோட்டம் நின்று உள்ளே சூடு ஏறும். குடைபோன்ற மறைப்பைத் திறந்து வைத்து, நிழலில் தள்ளிப் போங்கள்.

விபத்துக் கணக்கைப் பார்த்தால் எதில் கவனம் வேண்டும் என்பது தெளிவாகும். 1990 முதல் 2010 வரை அமெரிக்காவில் ஸ்ட்ரோலர், குழந்தை சுமப்பான் (உடலோடு கட்டிச் சுமக்கும் சாதனம்) தொடர்பான காயங்களுக்காக அவசரப் பிரிவுக்கு வந்த ஐந்து வயது வரையிலான குழந்தைகள் சுமார் 3.6 லட்சம், நாளுக்குக் கிட்டத்தட்ட 50 பேர். ஸ்ட்ரோலர் காயங்களில் மூன்றில் இரண்டு பங்கு கீழே விழுந்ததால் வந்தவை. இடுப்பையும் தோளையும் காலிடையையும் சேர்த்துப் பிடிக்கும் ஐந்துமுனைப் பட்டை சாதாரண வண்டிகளிலும் இருக்கிறது. அதை மாட்டுவதில்தான் சோம்பல். "பக்கத்துக் கடைக்குத்தானே" என்று மாட்டாமல் போவார்கள். கைப்பிடியில் கனமான பைகளைத் தொங்கவிட்டால் வண்டி பின்னால் கவிழக்கூடும். அந்த நேரம் குழந்தை உள்ளே இருந்தால் தலையில்தான் அடி.

பழைய வண்டி வாங்கலாமா என்று கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். விரித்ததும் பூட்டு 'டக்' என்று விழுகிறதா, சரிவில் பிரேக் நிற்கிறதா, பட்டையின் ஐந்து முனைகளும் நைந்துபோகாமல் இருக்கின்றனவா, அந்த மாடல் எப்போதாவது திரும்பப் பெறப்பட்டதா என்று பாருங்கள். அதனுடன் கார் இருக்கையும் சேர்ந்து வந்தால், அது விபத்தில் சிக்கியதில்லை என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே, காலாவதித் தேதியும் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தெரியாதென்றால் வண்டியை மட்டும் வாங்குங்கள்.