கரியடுப்பில் நெஞ்சுக்கறி ஏன் சக்கையாகிறது?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடியில் கரி மூட்டிக் கோழி சுடுகிறோம். கால் துண்டு மெத்தென்று வருகிறது; எலும்பில்லாத நெஞ்சுக்கறி மட்டும் சக்கையாகிவிடுகிறது. உப்பை முன்பே போட்டால் கறி தண்ணீர் விட்டுவிடும் என்று என் மாமியார் சொல்வதால், சுட்ட பிறகுதான் தூவுகிறோம். தவறு எங்கே?"

மாமியார் கண்டது உண்மை. ஆனால் அவர் கண்டது பாதிக் காட்சி. மீதிப் பாதியில்தான் விடை இருக்கிறது.

கோழிக்கறியின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். கால் தசையில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் கூடுதலாக இருப்பதால் அது சற்று அதிகச் சூட்டையும் பொறுத்துக்கொள்ளும். எப்போதாவது சிறகடிக்க மட்டுமே பயன்படும் நெஞ்சுத் தசைக்கு அந்தக் காப்பு இல்லை. அதன் நார்களுக்குள் மயோசின், ஆக்டின் என்னும் இரண்டு புரத இழைகள் பாய் முடைந்தாற்போல் அடுக்கியிருக்க, அவற்றின் இடுக்குகளில்தான் அந்தத் தண்ணீர் தங்கியிருக்கிறது. சுமார் 50 டிகிரி செல்சியஸில் மயோசின் உறையத் தொடங்கிக் கறி வெளுக்கிறது. 60 டிகிரியைத் தாண்டியதும் நார்களைச் சுற்றியுள்ள கொலாஜன் என்னும் புரத உறை சுருங்கி, ஈரத் துணியைப் பிழிவதுபோல் நார்களைப் பிழிகிறது. 70 டிகிரியை ஒட்டி ஆக்டினும் உறைந்து கறி விறைக்கிறது. நோய்க்கிருமிகள் உடனே அழிய உட்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும் என்பதால், இந்தப் பிழிதலை நாம் முழுவதுமாகத் தவிர்க்க முடியாது. கறியின் தண்ணீரை வெளியேற்றுவது நெருப்பு மட்டுமல்ல, கறியின் சொந்தப் புரதமும்தான்.

இங்கேதான் உப்பு வருகிறது. நான் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி இது. ஒரு நெஞ்சுத் துண்டில் உப்பைத் தூவிவிட்டுக் கவனித்தால், சில நிமிடங்களில் அதன் மேல் வியர்வைபோல் நீர்முத்துகள் அரும்பும். சவ்வூடுபரவலால் வெளியே இழுக்கப்பட்ட தண்ணீர் அது. மாமியார் கண்டது இதைத்தான். அடுப்பில் வைக்காமல் முக்கால் மணி நேரம் பொறுத்திருங்கள். உப்பு அந்த நீரில் கரைந்து மெல்ல உள்ளே பரவும். முத்துகள் ஒவ்வொன்றாக மறையும். மேற்பரப்பு விரலில் பிசுபிசுவென ஒட்டும். வெளியேறிய தண்ணீரில் பெரும்பகுதி உள்ளே திரும்பிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

உள்ளே சென்ற உப்பு என்ன செய்கிறது? உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் புரத இழைகளில் ஒட்டிக்கொண்டு அவற்றின் எதிர்மின்னூட்டத்தைக் கூட்டுகின்றன. ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை ஒன்றையொன்று விலக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அந்த விலக்கத்தால் இழைகள் தள்ளி நிற்க, இடுக்குகள் அகன்று தண்ணீருக்கு இடம் பெருகுகிறது. மயோசினின் ஒரு பகுதி உப்புநீரில் கரைந்தும் போகிறது; விரலில் ஒட்டிய பிசுபிசுப்பு அதுதான். சூடேறும்போது இந்த மயோசின் பால் தயிராகத் தோய்வதுபோல் மென்மையான கூழாக உறைந்து தண்ணீரைத் தன்னுள் பிடித்துவைக்கிறது. பிழியும் கை அதேதான். ஆனால் பிழிபடும் தண்ணீர் இப்போது எளிதில் பிரிவதில்லை.

ஒரு கிலோ கறிக்குப் பத்து கிராம் உப்பு போதும். விரற்கடை அளவே தடித்த துண்டுகளுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தாலே நல்ல பலன் தெரியும். தடிமன் இரண்டு மடங்கானால் உப்பு நடுவரை பரவ ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் பிடிக்கும் என்பதால் முழு நெஞ்சுக்கறிக்கு ஓர் இரவு தேவை. மஞ்சளும் மிளகாயும் இவ்வாறு ஊடுருவுவதில்லை. எத்தனை மணி நேரம் ஊறினாலும் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே தங்கிவிடும்.

சுடும் முன் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம் இருக்கும்வரை மேற்பரப்பு 100 டிகிரியை அதிகம் தாண்டாது; பொன்னிறமும் வாசனையும் தரும் மையார் வினையோ சுமார் 140 டிகிரியில்தான் விறுவிறுப்படைகிறது. பெருந்தணலில் வாட்டினால் சாறு உள்ளேயே அடைபடும் என்ற நம்பிக்கையை 1847-இல் பரப்பியவர் லீபிக் என்னும் பெரும் வேதியியலாளர். அது தவறென்று பலமுறை சோதித்துக் காட்டப்பட்ட பின்னும் சமையல் குறிப்புகளில் இன்றுவரை வாழ்கிறது. பெரியவர் சொன்னார் என்பதற்காக ஒன்றை நம்புவது அறிவியலுக்குள்ளும் நுழைந்துவிடும் மூடநம்பிக்கைதான்.

தொட்டுக்கொள்ளும் புதினா–கொத்தமல்லிச் சட்னியை நெருப்பருகே கொண்டுபோகாதீர்கள். நம் சந்தைப் புதினாவின் மணம் பெரிதும் கார்வோன் என்னும் எளிதில் ஆவியாகும் பொருளால் வருவது. (சதகுப்பை விதையில் இருப்பதும் கார்வோன்தான், ஆனால் கண்ணாடி பிம்பம்போல் இடவலம் மாறிய வடிவம், நம் மூக்கு அந்த வேறுபாட்டைக்கூடக் கண்டுபிடித்துவிடுகிறது.) இலையின் பச்சையத்துக்கு நடுவே ஒரு மக்னீசிய அணு இருக்கிறது. எலுமிச்சையின் அமிலம் அதை வெளியேற்றி அந்த இடத்தில் ஹைட்ரஜனை அமர்த்தும்போது பச்சை மங்கிப் பழுப்பேறுகிறது. சூடு இதை விரைவுபடுத்தும். ஆகவே இலை, பச்சை மிளகாய், இஞ்சி எல்லாவற்றையும் குளிர்ந்த நீர் விட்டு அரைத்து, பரிமாறும் நேரத்தில் எலுமிச்சை பிழியுங்கள். கறியில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் சட்னியில் குறைத்தே போடுங்கள்.

ஓசூரை அடுத்த மத்திகிரியில் கோழி வளர்ப்புக்கென்றே ஓர் அரசுக் கல்லூரி இருக்கிறது. கோழி வளரும் வரையிலான ஆராய்ச்சிக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு பங்கு, அது அடுப்பேறிய பிறகு நடப்பதற்கும் நிதியாகக் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நெடுஞ்சாலையோரம் கோழி சுட்டுப் பிழைப்பவர்களுக்கு மலிவான, நம்பகமான ஒரு கறி வெப்பமானி கிடைத்தாலே கிருமிக்கு அஞ்சிக் கறியைக் கருக்கவேண்டிய தேவை குறையும்.

வரும் ஞாயிறு ஒரே எடையுள்ள இரண்டு துண்டுகளை எடுத்து, ஒன்றில் மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாக உப்பிட்டு, இரண்டையும் ஒரே கரியில் ஒரே நேரம் சுட்டுத் தராசில் நிறுத்துப் பாருங்கள். நீர்முத்துகள் மறையும் வேளையில் மாமியாரையும் அருகே அழைத்துக் காட்டுங்கள். அவர் பல ஆண்டுகளாகக் கவனித்துவந்த காட்சியின் மீதி அது.