ஜாக்கி போடுவதற்கு முன் ஸ்டியரிங்கை ஆட்டிப் பாருங்கள்

"அலைன்மெண்ட் மட்டும் பார்த்து விட்ருங்கண்ணே, வண்டி இடது பக்கம் இழுக்குது." தை அறுவடை முடிந்த கையோடு மன்னார்குடியில் என் பட்டறைக்கு வரும் ஃபோர் வீல் ஜீப்புகளில் பலவும் இந்தப் பேச்சோடுதான் வந்து நிற்கும். நான் உடனே அலைன்மெண்ட்டில் கை வைக்க மாட்டேன். ஸ்டியரிங் மூட்டெல்லாம் ஆடிக்கொண்டிருக்கும்போது டோ-இன் (முன்சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) வைத்து என்ன பயன்? பட்டறை வாசலில் சரியாக இருக்கும், வடுவூர் தாண்டுவதற்குள் மாறிவிடும்.

முதல் சோதனைக்கு ஜாக்கியே வேண்டாம். நான்கு சக்கரமும் தரையில் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிடுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இரண்டு அங்குலம் இப்படியும் அப்படியும் வெட்டி வெட்டி ஆட்ட வேண்டும். இன்னொருவர் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டாகக் கையால் பொத்திப் பிடிக்க வேண்டும். ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வரும் பிட்மேன் ஆர்மில் தொடங்கி, அதைச் சக்கரத்தோடு சேர்க்கும் டிராக் லிங்க், இரண்டு முன்சக்கரத்தையும் இணைக்கும் டை ராடின் எண்டுகள் என்று போய், ஸ்டியரிங் பாக்ஸை சேஸியோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளில் முடிக்கலாம். நல்ல மூட்டில் இரண்டு பக்கமும் ஒன்றாக நகரும். தேய்ந்த மூட்டில் ஒரு பக்கம் நகர்ந்த பிறகுதான் மறுபக்கம் கிளம்பும். உள்ளங்கையில் 'டக்'கென்று ஒரு தட்டு கிடைக்கும்.

அப்புறம்தான் ஜாக்கி, கூடவே ஸ்டாண்டும். சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டு 3 மணியிலும் 9 மணியிலும் பிடித்து ஆட்டினால் டை ராடு ஆட்டம் தெரியும். 12க்கும் 6க்கும் பிடித்து ஆட்டினால் தெரிவது சக்கரம் சுழலும் வீல் பேரிங், இல்லையென்றால் சக்கரம் இடம் வலம் திரும்பும் மூட்டான கிங் பின் அல்லது பால் ஜாயிண்ட். இரண்டில் எது? ஒருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் அல்லது பால் ஜாயிண்ட். சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ் ஆர்மின் மேல் காயில் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் வண்டியில் ஜாக்கியை அந்த ஆர்முக்கு அடியிலேயே கொடுக்க வேண்டும். சேஸியில் கொடுத்தால் ஸ்பிரிங் பால் ஜாயிண்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், தேய்மானம் தெரியாமலே போய்விடும்.

இதைச் சொல்கிற நானும் கோட்டை விட்டிருக்கிறேன். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவரின் பழைய ஜீப் அது, முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். 50 கிலோமீட்டர் வேகத்தில் பள்ளத்தில் விழுந்தால் முன்சக்கரங்கள் பேய் பிடித்த மாதிரி உதறும், நிறுத்தினால்தான் அடங்கும். டை ராடு எண்டு நான்கையும் மாற்றி, உதறலைத் தணிக்கும் ஸ்டியரிங் டேம்பரும் புதிதாகப் போட்டு அனுப்பினேன். இரண்டு வாரம் அமைதி. திரும்பி வந்தபோது கிங் பின் மூடியைக் கழற்றினேன். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் நிறத்தில் துருச் சேறு. பேரிங் ஓடும் தடத்தில் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு குழி. டேம்பர் உதறலை அமுக்கி வைத்திருந்தது, அவ்வளவுதான். பேரிங் மாற்றி, ஷிம் என்கிற மெல்லிய தகடுகளைக் குறைத்து இறுக்கம் வைத்த பிறகு தீர்ந்தது. "மொத தடவ குடுத்த காசுல ஒரு மா நெலத்துக்கு நடவுக் கூலி குடுத்திருப்பேன் தம்பி" என்றார் பெரியவர், கோபமே இல்லாமல். அது இன்னும் உறுத்துகிறது.

நம் ஊர் வண்டிக்கு முக்கிய எதிரி தண்ணீர். வாய்க்காலில் இறங்கும்போது சூடாக இருக்கும் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) சட்டென்று குளிர்ந்து, தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கழற்றினால் கிரீஸ் மோர் நிறத்தில் இருக்கும். ரப்பர் உறை (பூட்) கிழிந்த மூட்டில் களிமண் புகுந்து காய்ந்துவிட்டால் அப்புறம் அது அரைத்துக்கொண்டே இருக்கும். வேதாரண்யம் பக்கம் ஓடும் வண்டிகளுக்கு உப்பும் சேர்கிறது. வாட்டர் சர்வீஸில் ரப்பர் உறைக்கும் சீலுக்கும் நேராக அடிக்க விடாதீர்கள். கிரீஸ் அடிக்கும் நிப்பிள் இருக்கும் மூட்டுகளில் பழைய அழுக்குக் கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை புதுசு அடிக்க வேண்டும்.

டயரும் பேசும். வண்டியைக் கழுவிய பிறகு முன்டயரின் குறுக்கே கையை உள்ளே ஒரு தடவை, வெளியே ஒரு தடவை தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறுதிசையில் கதிர் அரிவாள் பல்லைப் போலப் பிடித்தால் டோ கெட்டிருக்கிறது. அதைத் திருத்தும் முன் முதல் சோதனைக்குப் போங்கள்.

டிராக்டர்காரர்களுக்கு ஒன்று. சேற்றுழவு முடிந்ததும் எஞ்சினுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, முன் ஆக்சிலைக் கடப்பாரையால் முன்னும் பின்னும் நெம்பிப் பாருங்கள். ஆக்சிலை நடுவில் பிடித்திருக்கும் சென்டர் பின்னின் புஷ் தேய்ந்து போயிருந்தால் ஆக்சில் முழுவதும் நகரும். சாலையில் டிரெய்லரோடு போகும்போது வண்டி பாம்பு மாதிரி நெளிகிறது என்பார்களே, பல நேரம் அது இந்த புஷ்தான்.