மஞ்சளின் மூன்று நிறமிகளை எடைபோட்டுப் பிரிப்பது எப்படி?

மஞ்சள் என்றாலே குர்குமின் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் அந்த நிறத்துக்குக் காரணம் குர்குமின் மட்டும் இல்லை. டிமெத்தாக்சிகுர்குமின், பிஸ்டிமெத்தாக்சிகுர்குமின் என்று இன்னும் இரண்டு சேர்மங்கள் கிழங்கில் கூடவே இருக்கின்றன. மூன்றும் மஞ்சள் நிறம்தான். கண்ணால் பார்த்துப் பிரிக்க வழியே இல்லை. மூலக்கூறுகளை எடைபோடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்தான் இதற்குச் சரியான கருவி.

மஞ்சள் பொடியை மெத்தனாலில் ஊறவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றில் ஒரு சொட்டுக்கும் குறைவாக எடுத்து, நுண்துகள்கள் அடைத்த மெல்லிய குழாய்க்குள் செலுத்துவார்கள். இது திரவ குரோமடோகிராபி. துகள்களில் ஒவ்வொரு சேர்மமும் ஒவ்வொரு அளவுக்கு ஒட்டுவதால், அவை ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும். வருவதை உயர் மின்னழுத்தத்தில் நுண்துளிகளாகத் தெளித்தால், துளி உலர்ந்து, மூலக்கூறு உடையாமல் ஒரு புரோட்டானைச் சேர்த்துக்கொண்டு நேர்மின் அயனியாக மிஞ்சும். மின்னூட்டம் இல்லாததை மின்புலத்தால் இழுக்க முடியாது என்பதால் இந்தப் படி ரொம்ப முக்கியம். இந்த எலக்ட்ரோஸ்பிரே உத்தியைப் புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளுக்கும் கொண்டுபோனதற்காக ஜான் ஃபென் 2002-இன் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அப்புறம்தான் எடை. ஒருவகைக் கருவியில் எல்லா அயனிகளுக்கும் ஒரே அளவு ஆற்றல் கொடுத்து ஓடவிடுவார்கள். லேசானது முதலில் போய்ச் சேரும், கனமானது பிந்தும். அந்த நேரத்திலிருந்து, ஒட்டிய புரோட்டானோடு சேர்த்து, டால்டன் அலகில் (ஒரு ஹைட்ரஜன் அணு ஏறத்தாழ ஒரு டால்டன்) கிடைக்கும் எடைகள்: குர்குமின் 369.133, டிமெத்தாக்சிகுர்குமின் 339.123, பிஸ்டிமெத்தாக்சிகுர்குமின் 309.112. ஒவ்வொரு படிக்கும் 30.011 குறைகிறது. தசமத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டு கார்பனும் ஆறு ஹைட்ரஜனும் போயிருந்தால் 30.047 குறைந்திருக்கும். 30.011 என்பது ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். அதாவது ஒரு மெத்தாக்சி தொகுதி (ஒரு ஆக்சிஜன், ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்) இருந்த இடத்தில் வெறும் ஹைட்ரஜன்.

அந்தத் தொகுதி மூலக்கூறின் எந்தப் பக்கத்தில் இல்லை? எடை இதைச் சொல்லாது. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது: வேண்டிய அயனியை மட்டும் பிடித்து, நைட்ரஜன் அல்லது ஆர்கான் வாயுவில் மோதவிட்டு உடைக்கிறார்கள். குர்குமினின் இரு முனைகளும் ஒன்றுபோலவே இருப்பதால் எந்த முனை உடைந்து வந்தாலும் துண்டின் எடை 177. பிஸ்டிமெத்தாக்சிகுர்குமினில் அது 147. நடுவில் இருக்கும் டிமெத்தாக்சிகுர்குமினோ 177, 147 இரண்டையுமே தருகிறது. ஒரு முனை இந்த மாதிரி, மறு முனை அந்த மாதிரி என்று அதிலிருந்தே புரிந்துவிடும்.

எடை ஒன்றை வைத்துப் பெயர் சொல்வது ஆபத்து என்பதற்கு மஞ்சளே இன்னொரு சாட்சி. அதன் வாசனை எண்ணெயில் உள்ள ஆல்ஃபா டர்மரோனுக்கும் பீட்டா டர்மரோனுக்கும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே, எடையும் துல்லியமாக ஒன்றே. அதனால் ஆவியாகும் இவற்றை வாயு குரோமடோகிராபியில் முதலில் பிரித்து, குழாயிலிருந்து வெளிவரும் நேரத்தையும் உடையும் விதத்தையும் தூய மாதிரியோடு ஒப்பிட்டே உறுதி செய்கிறார்கள். இதுவரை யாரும் பார்க்காத புதுச் சேர்மம் என்றால் ஒப்பிட மாதிரியே இருக்காது. அப்போது அதைத் தனியாகப் பிரித்தெடுத்து என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) கருவியில் வைத்து அமைப்பைக் கண்டறிய வேண்டியதுதான்.