நிழல் மேற்கே நிற்கட்டும்

வைகாசி பிறந்தால் திருகோணமலையின் நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து வீட்டுத்தோட்டங்களில் ஒரே முறைப்பாடுதான்: "தக்காளி பூக்கிறது, காய்க்கவில்லை சேர்." உரம் போதவில்லை என்று யூரியாவை அள்ளிப் போடுகிறார்கள். செடி இலையாகத் தழைக்கிறது. பூ இன்னும் கூடுதலாக உதிர்கிறது. விவசாயப் போதனாசிரியராக நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: குறை உரத்தில் இல்லை, வெயிலில் இருக்கிறது. பகல் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் வலுவிழந்துவிடும். இரவும் புழுங்கினால் பிஞ்சு பிடிப்பது இன்னும் அரிது. கறிமிளகாயிலோ வெயில் பட்ட பக்கம் வெளுத்துச் சுருங்கி, பிறகு அழுகும்.

உடனே கறுப்பு நிழல்வலை வாங்க ஓட வேண்டாம். அது நாற்றுமேடைக்கு நல்லது. காய்க்கும் செடிக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். காலை வெயில் முழுவதும் விழட்டும். பிற்பகல் வெயிலை மட்டும் தடுத்தால் போதும். அந்த வேலையைப் பக்கத்தில் நிற்கும் செடிகளே செய்யும்.

எந்தப் பக்கம் என்பதுதான் முக்கியம். குளிர்நாட்டுத் தோட்டக் கைந்நூல்கள் சூரியன் தெற்கே நிற்பதாக வைத்து நிழலைக் கணக்கிடுகின்றன. திருகோணமலை ஏறத்தாழ 8.5 பாகை வட அகலாங்கில் உள்ளது. ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்கும். தெற்கே நட்ட உயரப்பயிர் அப்போது பாத்திக்கு உதவாது. மேற்கு எல்லையில் நடுங்கள். மாலைச் சூரியன் வடமேற்கே சாய்வதால் நிரலை வடக்குப் பக்கம் சற்று நீட்டுங்கள். அதே நிரல், மண்ணையும் இலையையும் உலர்த்தும் மேற்கத்திய கச்சான் காற்றையும் தணிக்கும். கிழக்கைத் திறந்து விடுங்கள், கடற்காற்று வரட்டும்.

என் முதல் தெரிவு அகத்தி. சிற்றிலை என்பதால் வெளிச்சம் வடிந்து இறங்கும். இலை கறிக்கும் ஆகும். அடுத்தது கிளிரிசிடியா என்னும் சீமைக்கிளுவை; அதன் தழையை வெட்டிப் பாத்தியில் பரப்பினால் மண் குளிரும். இந்தச் சிறுபோகத்துக்கே, அதாவது இந்த வெயில்காலப் பயிருக்கே, நிழல் தேவையென்றால், தக்காளி நாற்று நடுவதற்கு மூன்று நான்கு கிழமைக்கு முன் பயிற்றங்காய்க் கொடியை விதைத்து, ஆள் உயரத்துக்குக் கம்பும் கயிறும் கட்டி ஏற்றுங்கள். தக்காளிக்கு அருகே சோளம் வைப்பதை நான் விரும்புவதில்லை. சோளக்கதிரைத் துளைக்கும் அதே புழு தக்காளிக் காயையும் துளைக்கும். கத்தரியும் வேண்டாம், வாடல் நோய் இரண்டுக்கும் பொது. வாழை தண்ணீரைக் குடிக்கும். அதைக் கிணற்றடியில் வையுங்கள்.

நம் மணல் நிலத்தில் வேர்கள் ஈரத்துக்குப் போட்டியிடும். மர நிரலுக்கும் பாத்திக்கும் மூன்றடியாவது இடைவெளி விடுங்கள்.

ஐப்பசியில் மழை தொடங்கியதும் இதே நிழல் தீங்காகிவிடும்: இலை காயாது, பூஞ்சணம் பற்றும். அதற்கு முன் கிளிரிசிடியாவை இடுப்பளவுக்கு வெட்டலாம். அகத்தியை அப்படி மொட்டையடித்தால் பட்டுப்போகும்; பக்கக் கிளைகளை மட்டும் கழியுங்கள்.