டொமைன் – ஆள்களம்

நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வியாபாரம் செய்யும் என் சித்தப்பா போன தை மாதம் போனில், "டொமைன டிரான்ஸ்பர் பண்ணிட்டேன்டா" என்றார். டொமைன் என்றால் இணையதளத்தின் முகவரிப் பெயர். பத்து வருடமாகக் கட்டிக்காத்த அந்தக் கடைப் பெயரை யாருக்கோ விற்றுவிட்டாரோ என்று பதறிப்போனேன். விசாரித்தால், ஆண்டுக் கட்டணம் குறைவென்று பெயரைப் பதிந்து தரும் வேறொரு நிறுவனத்திடம் (பதிவாளரிடம்) மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான். பெயர் இன்னமும் அவருடையதுதான்.

பதிவாளரை மாற்றுவது, பெயரை விற்பது என்ற இரண்டு வேறு காரியங்களுக்கு 'டிரான்ஸ்பர்' என்று ஒரே சொல். தமிழில் இந்தக் குழப்பம் வரவேண்டியதில்லை.

முதலில் டொமைன். லத்தீனில் 'டொமினுஸ்' என்றால் உடையவன், தலைவன். அவனுக்கிருக்கும் உரிமை 'டொமினியம்'. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோது ஒரு பிரபுவின் ஆளுகையில் இருக்கும் நிலம் என்று பொருள் நின்றது. வேலிக் கணக்கில் நிலம் வைத்திருந்த மிராசுகளைப் பார்த்த நம் பாட்டிகளுக்கு இது உடனே விளங்கும். 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் இணையப் பெயர் முறையை வடிவமைத்தபோது, இந்த நிலச்சொல் அதற்குள்ளும் வந்தது.

தமிழில் ஆள்களம். 'ஆட்களம்' என்று எழுதினால் ஆட்கள் கூடும் களம் என்றாகி, அறுவடைக்கு ஆள் சேர்ந்த இடம் போலத் தோன்றும். இது 'ஆளும் களம்' என்று விரியும் வினைத்தொகை; கொள்கலம் போல ளகரம் திரியாமல் நிற்கும். 'களப்பெயர்' சுருக்கம்தான். ஆனால் களம் என்றதும் நெல் தூற்றும் இடம் நினைவுக்கு வரும் ஊர்க்காரன் நான். எனக்கு ஆள்களப் பெயரே தெளிவு. பத்தாம் வகுப்புக் கணக்கில் வரும் டொமைன் வேறு, அதற்கு 'மதிப்பகம்'.

பதிந்த பெயர்களின் மூல ஏட்டை வைத்திருப்பது பதிவகம்: டாட் காமுக்கு வெரிசைன், டாட் இன்னுக்கு நிக்சி. நாம் பணம் கட்டுவது பதிவாளரிடம். சித்தப்பா செய்தது 'பதிவாளர் மாற்றம்'. ரேஷன் அட்டையைக் கடை மாற்றுவது போல. அட்டையில் குடும்பத் தலைவர் மாறுவதில்லை. பெயர் தானாக மாறிவிடாதபடி பழைய பதிவாளரிடம் போட்டிருக்கும் பூட்டைத் திறந்து, அவரிடமிருந்து அனுமதிக் குறியீட்டை வாங்கிப் புதியவரிடம் கொடுக்க வேண்டும். டாட் காமில் பழைய பதிவாளர் ஐந்து நாள் பதில் சொல்லாவிட்டாலும் மாற்றம் நடந்துவிடும். வழக்கமாக ஓராண்டு கூடுதலாகச் சேரும். மீதமிருந்த காலம் வீணாகாது. புதிதாகப் பதிந்த பெயரை முதல் 60 நாளுக்குள் இப்படி மாற்ற முடியாது.

விற்பதற்கு எந்தச் சொல்? 'கைமாற்று' கூடாது; விதைநெல் வாங்க அவசரத்துக்குப் பெறும் கடன் அது. 'பெயர் மாற்றம்' பட்டாவுக்குச் சரி, இங்கே பெயரே மாறிவிட்டதாகப் படும். 'கிரயம்' என்பதையும் நான் ஏற்கமாட்டேன். கிரயம் செய்த நிலம் பேரன் காலத்திலும் நம்முடையது. ஆள்களப் பெயரோ, ஒரு தடவைக்கு அதிகம் போனால் 10 ஆண்டு. புதுப்பிக்காமல் விட்டால் கைவிட்டுப் போகும். நம்மூர்ப் பேச்சில் சொன்னால் குத்தகை. ஆகவே பணம் பேசி முடிப்பது 'விற்பனை', பதிவில் உரியவர் மாறுவது 'உரிமை மாற்றம்'. இந்த இரண்டையும் பிரித்தே சொல்லவேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு கணக்கின் கடவுச்சொல்லை மட்டும் கொடுத்தால் விற்பனைதான் நடந்திருக்கிறது. பதிவில் இன்னமும் பழையவர் பெயரே உரியவராக நிற்கும்.